மலைக்கு வலப்பக்கம்

திருவண்ணாமலை தேரடி வீதியில் யாரைக் கேட்டாலும் என் அக்கா வீட்டுக்காரர் ஜினதாசனைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஆகாயத்தில் கிரிவலம் போன ஒரே மனிதர் என்பார்கள். பூக்கடைக்காரர் ஒருவர், அன்றைக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்தது என்றுகூடச் சேர்த்துக்கொள்வார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் கிரிவலம் போகக் கிளம்பவே இல்லை. நாங்கள் சமணர்கள். மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம், தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் எங்கள் கடைகளிலும் வியாபாரம் நடக்கிறது, அவ்வளவுதான். அவர் போக நினைத்தது சிரவணபெளகொளாவுக்கு. போய்ச் சேர்ந்தது கீழ்பென்னாத்தூருக்கு. நடுவில் என்ன நடந்தது என்று எட்டு வருஷமாக ஆளாளுக்குத் திருத்திச் சொல்லிக்கொண்டிருப்பதால், பக்கத்தில் நின்று பார்த்த நானே எழுதிவிடுகிறேன்.

அவர் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, அந்தக் கிணற்றில் அடிக்கடி எரிந்துபோகும் ஒரு மோட்டார். அந்த மோட்டார்தான் அவரைத் திருவண்ணாமலைக்கு இழுத்து வந்தது. எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு செங்கம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்டே ஆளைச் சாகடிப்பார். மோட்டார் எரிவதற்கு முன்னால் நாற்றம் வந்ததா, சத்தம் வந்ததா, கரண்ட் கம்மியாக இருந்ததா, அந்த நேரத்தில் பக்கத்துக் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா? வந்தவர் பாவம், மோட்டாரை வைத்துவிட்டு ஓடிவிடுவார். என் அக்கா குசுமாவதியைப் பெண் பார்க்க வந்தபோதும் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டு ஃபேன் ஏன் இப்படிக் கத்துகிறது என்று என் அப்பாவைக் குடைந்தெடுத்துவிட்டார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

எழுபத்திரண்டில் ஒரு ஜெர்மன்காரர் தன் நாட்டிலிருந்து வேனை ஓட்டிக்கொண்டே வந்து, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தார். அவர் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். வேன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டது. அதன் ஒயரிங்கைப் பார்க்கப் போன மாமாவிடம் அவர் ஒரு படத்தைக் காட்டினார். ஊரில் தான் ஓட்டிய வண்டி என்றார். ஜைரோபிளேன்.

பார்த்தால் ஹெலிகாப்டரின் எலும்புக்கூடு என்று தோன்றும். ஒரு இருக்கை, மூன்று சக்கரம், தலைக்கு மேலே நீளமாக இரண்டு இறக்கை. அந்த இறக்கையை இன்ஜின் சுற்றுவதில்லை. பின்னால் இருக்கும் இன்ஜின் வண்டியை முன்னால் தள்ளும். எதிர்க்காற்று பட்டு மேல் இறக்கை தானாகச் சுழலும், அந்தச் சுழற்சி வண்டியைத் தூக்கிக்கொள்ளும். நடுவானில் இன்ஜின் நின்றுபோனாலும் இறக்கை சுழன்றுகொண்டே மெதுவாகத் தரையில் இறக்கிவிடும். மாமா கேட்ட அத்தனை கேள்விக்கும் அந்த மனிதர் சளைக்காமல் பதில் சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது வேனின் இன்ஜினை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் குடும்பத்துக்குச் சனி.

வேடியப்பன் என்று ஒரு லாரிக்காரர் மாமாவுக்குச் சிநேகிதர். அவருடைய ஷெட்டில் வைத்துத்தான் வண்டியைக் கட்டினார்கள். இறக்கையைச் செய்வார், ஒரு பக்கம் எடை ஜாஸ்தி என்று பிரிப்பார், மறுபடி செய்வார். கடையில் மோட்டார்கள் குவிந்து கிடக்கும். அக்கா வாசலில் நின்று ஆட்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். வண்டி ஒருவழியாக முடிந்ததும், வறண்ட ஏரிக்குள் கொண்டுபோய், வேடியப்பன் லாரியில் கயிறு கட்டி இழுக்க, மாமா பட்டம் மாதிரி பின்னால் எழும்பிப் பழகினார். ஊரில் அதற்குக் காத்தாடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அந்த எறக்கைல பூச்சி பொட்டு, பட்சி எதுனா அடிபடாதாடா?” அதற்கப்புறம் கொக்கு மேயும் பக்கம் மாமா வண்டியைத் திருப்பினதே இல்லை.

கயிறு இல்லாமல், இன்ஜின் போட்டுப் பறக்க ஆரம்பித்த நாளில்தான் பெளகொளா பேச்சு வந்தது. அங்கே மலைமேல் நிற்கும் பாகுபலி பகவானுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் தலையிலிருந்து அபிஷேகம் நடக்கும். போன தடவை அறுபத்தேழில் மாமா அப்பாவோடு போய், கூட்டத்தில் முன்னால் நின்றவர்களின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தார். அடுத்தது எண்பத்தொன்று பிப்ரவரி. சிலை நின்று ஆயிரமாவது வருஷம் என்று இரண்டு வருஷம் தள்ளி வைத்திருந்தார்கள். அதற்கு ஆகாய மார்க்கமாகப் போவது என்று முடிவு கட்டினார். செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர், அங்கிருந்து மேற்கே. பெட்ரோல் போட எந்த ஊரில் எந்த வயலில் இறங்குவது என்பதுவரை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவு தூரம் பறக்க வேண்டுமானால் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

இது விமானமா, ஹெலிகாப்டரா என்று கேட்டு எழுதினார்கள். இரண்டும் இல்லை, அப்படியானால் எந்தப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும் என்று மாமா திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வி மதராசுக்குப் போய், டெல்லிக்குப் போய், பதிலோடு திரும்ப ஒரு வருஷம். இன்ஜினுக்கு யார் சான்று தர வேண்டும் என்று கேட்டார். இன்னொரு வருஷம். சான்று தர வேண்டியவருடைய ஆபீஸ் எங்கே என்று கேட்டதற்கும் அதே கதி. நடுவில், ஏரிக்குள் அனுமதியில்லாமல் பறந்ததாக யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டு, ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அங்கே இவர் எந்தச் சட்டப்படி என்று கேட்டதால் இன்னொரு நாளும் உட்கார வைத்தார்கள்.

கடைசியில் மதராஸ் ஆபீசில் ஒரு குமாஸ்தா பரிதாபப்பட்டு, இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் கூட இருந்தேன். “கேள்வி கேக்காதீங்க சார். நீங்க கேட்டா பதில் சொல்றதுக்கு ஃபைலு மேல போவுது. மேல போனது சீக்கிரத்துல எறங்காது. எது சொன்னாலும் சரி சார்னு சொல்லிட்டு வாங்க.”

மாமா அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். கடைக்கு வருகிறவர்களைக் குடைவதும், சாம்பாரில் ஏன் இன்றைக்குப் புளி ஜாஸ்தி என்று அக்காவைக் குடைவதும் குறையவில்லை. அதிகாரி என்று ஒருவர் எதிரில் வந்துவிட்டால் மட்டும் வாயில் சரி சாரைத் தவிர வேறு வார்த்தை வராது. பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் வேலை நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்பத்தொன்று ஜனவரியில் சோதனைப் பறப்புக்கு அனுமதி வந்தது.

நிபந்தனை சுலபம். மலைக்குத் தென்மேற்கே அத்தியந்தல் பக்கம் ஒரு மைதானத்தில் கிளம்ப வேண்டும். எங்கேயும் இறங்காமல், கிழக்கே செஞ்சியைத் தாண்டி மேல்சித்தாமூரில் எங்கள் மடத்துக்குப் பக்கத்து வயலில் இறங்க வேண்டும். அங்கே ஒரு உதவியாளர் காத்திருப்பார். மதராசிலிருந்து வந்த அதிகாரி சக்கரபாணி நல்ல மனிதர், அதைச் சொல்லாவிட்டால் பாவம். வந்ததும் மாமாவின் தோளைத் தட்டி, “இதை முடிச்சுக் காட்டுங்க. பெளகொளாவுக்கு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கறேன்” என்றார். அபிஷேகத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. இதை விட்டால் அடுத்தது பன்னிரண்டு வருஷம் கழித்து.

விடிந்ததிலிருந்தே மைதானத்தில் ஊர் கூடிவிட்டது. மாமா பெட்ரோலை அளந்து ஊற்றினார். பாரம் ஜாஸ்தியானால் எழும்பாது என்பதால் தேவைக்குமேல் ஊற்ற மாட்டார். சித்தாமூருக்கு நேர்வழி மலைக்குத் தெற்கே ஒதுங்கிப் போவது. அந்த வழிக்கு வேண்டியதும், கைக்காவலாகக் கொஞ்சமும். ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சக்கரபாணி பக்கத்தில் வந்து குனிந்தார்.

“கோயில் மேல போகவே கூடாது, கலெக்டர் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. மலைக்கு வலப்பக்கமாவே போயிடுங்க.”

மாமா ஒரு நிமிஷம் பெட்ரோல் டேங்கைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு, “சரி சார். வலமாவே போயிடறேன்” என்றார். சக்கரபாணி திருப்தியாகத் தலையாட்டினார்.

அங்கே நின்ற எங்களில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? இந்த ஊரில் மலைக்கு வலம் என்றால் ஒரே அர்த்தம்தான். மலை நம் வலது கைப்பக்கம் இருக்க, மேற்கே போய், வடக்கே திரும்பி, பின்புறமாகச் சுற்றிக்கொண்டு கிழக்கே வருவது. கைக்குழந்தைக்கும் தெரியும். சமணனுக்கும் தெரியும்.

காத்தாடி எழும்பியது. கூட்டம் ஒரே கூச்சல். வண்டி இடது பக்கம் சாய்ந்து, அடி அண்ணாமலையைப் பார்த்து மேற்கே திரும்பியது. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த சக்கரபாணி திடுக்கிட்டுத் திரும்பினார்.

“எங்க போறாரு இவரு?”

வேடியப்பன் தலைக்குமேல் கைகூப்பிக்கொண்டு நின்றார். “வலமா போறாரு சார். நீங்கதானே சொன்னீங்க.”

“நான் வலப்பக்கம்னு சொன்னேன்யா. ரைட் சைடு.” மலையைப் பார்த்து நின்று வலது கையை நீட்டினார். அவருடைய கை தெற்கு வழியைக் காட்டியது. சித்தாமூருக்கு நேர்வழி. மாமா பெட்ரோல் அளந்த அதே வழி. எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் காத்தாடி மலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் அரோகரா போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து அறைய வேண்டும் போலிருந்தது.

சக்கரபாணியின் ஜீப்பில் ஏறிச் செஞ்சி ரோட்டில் விரட்டினோம். தை மாதத்து வாடைக்காற்று எதிரே முகத்தில் அடித்தது. மலையைச் சுற்றியதில் கொஞ்சம் பெட்ரோலும், எதிர்க்காற்றில் மீதியும் போய், கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிட்டது. ஜெர்மன்காரர் சொன்னபடியே வண்டி பூப்போல இறக்கிவிட்டிருந்தது. அறுப்பு முடிந்த ஒரு வயலில் அது முழுசாக நிற்க, மாமா வரப்பில் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரி பச்சையம்மாள் மோர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றாள். “குடிக்கவே மாட்டேன்றாருங்க. உங்களைப் பாத்துத்தான் பேசணுமாம்” என்றாள்.

சக்கரபாணி வயலில் இறங்கி வந்தார். கோபம்கூடக் குறைந்துபோயிருந்தது. “வலப்பக்கம்னா ரைட் சைடு இல்லீங்களா?”

“மலை எனக்கு ரைட் சைடுலதான் சார் இருந்துச்சு,” என்றார் மாமா.

சக்கரபாணி மலையைத் திரும்பிப் பார்த்தார். “வழில சந்தேகம்னா கேட்டிருக்கலாமே” என்றார்.

“வழில சந்தேகமே இல்ல சார். பெட்ரோல்தான் பத்தாதுன்னு தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் ஊத்திக்கட்டுமான்னு கேக்க வாயெடுத்தேன்.”

“கேட்டிருந்தா எதுக்குன்னு நான் கேட்டிருப்பேன். அங்கயே தெரிஞ்சிருக்கும்.”

“கேட்டா ஒரு வருஷம் ஆவும் சார்,” என்றார் மாமா. குரல் உடைந்துவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்து, நான் திரும்பிக்கொண்டு அந்த வண்டியின் சக்கரத்தை ஒரு உதை உதைத்தேன். கால்தான் வலித்தது.

மறுபடி பறக்க விடுங்கள், இன்றைக்கே போகட்டும் என்று நான் சக்கரபாணியிடம் கெஞ்சினேன். அந்த அனுமதி ஒரே ஒரு பறப்புக்கு. இன்னொன்றுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவர் நடந்ததை நடந்தபடியே எழுதினார்: சொன்ன வழியில் போகவில்லை, போய்ச் சேரவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. யாராவது ஒருவர் அயோக்கியனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வேடியப்பன் ஷெட்டில் போட்டோம். இன்றுவரை அங்கேதான் கிடக்கிறது.

பிப்ரவரியில் பெளகொளாவுக்குப் பஸ்ஸில் போனோம். மாமா, அக்கா, நான். கூட்டம் நெரித்தது. தூரத்தில் நின்று, தலைகளுக்கு மேலே சிலையைப் பார்த்தோம். பாலும் சந்தனமும் மஞ்சளும் தோளில் வழிந்து இறங்க, ஜனங்கள் அழுதார்கள். அப்போது ஒரு ஹெலிகாப்டர் வந்து வானத்திலிருந்து பூத்தூவியது. எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். மாமா ஹெலிகாப்டரைப் பார்த்தார்.

“ஆதிராஜ், பாரு. பகவானை எடமா வெச்சு சுத்தறான்.”

நானும் பார்த்தேன். நிஜம்தான். சிலையைத் தன் இடது பக்கத்தில் விட்டு, சுற்றக் கூடாத பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“எந்தப் பக்கமா சுத்தணும்னு ஒரு வார்த்தை யாரையாவது கேட்டுட்டு வரக்கூடாதா?”

“ஆபீசரைக் கேட்டுட்டுத்தான் வந்திருப்பான்,” என்றார் மாமா.