அக்ஸோரியஸ் மனிசன்

என் கணவர் தேங்காய் திருவுவது நெல்லியடி ஊரில் எனக்கும் எங்கள் பூனைக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாக இருந்தது. காலையில் குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் திருவலையில் உட்காருவார். வாசல் படலைச் சத்தம் கேட்டால் போதும், முன்விறாந்தைக்குப் பாய்ந்து பத்திரிகையை விரித்துவிடுவார். வாசிகசாலைத் தலைவர் அல்லவா! இடுப்புச் சாரத்தில் ஒட்டியிருக்கும் தேங்காய்ப்பூவை அவர் கவனித்ததில்லை. நானும் சொன்னதில்லை.

போன வருடம் லண்டனிலிருந்து வந்து எங்களோடு தங்கிய என் அண்ணையின் மகன் எல்லாவற்றையும் கண்டுவிட்டான். புறப்படும்போது, "மாமா, நீங்கள் சரியான அக்ஸோரியஸ்" என்றான்.

மனைவியிடம் அளவுக்கு மீறி உருகுகிற ஆணுக்கு ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். பாராட்டுப்போல இருக்கும், உள்ளே கிண்டல் கிடக்கும். கணவனிடம் உருகுகிற பெண்ணை அப்படி ஒரு சொல்லால் யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. அதைக் கடமைக் கணக்கில் எழுதிவிட்டார்கள் போலும்.

"உமக்குத் தெரியுந்தானே, என்ன கருத்து?" என்று மனிசன் என்னைக் கேட்டார். நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள்.

"பெரிய சொல். எல்லாருக்கும் சொல்லமாட்டினம்" என்றேன். அதில் பொய்யில்லை. அதற்குமேல் கேட்கத் தலைவரின் கௌரவம் விடவில்லை.

அடுத்த வாசிகசாலைக் கூட்டத்தில் மனிசன் எழும்பி, "என்ரை மருமகன் என்னை அக்ஸோரியஸ் எண்டு சொல்லிப்போட்டுப் போறான்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். பின்வரிசையில் ஒருவர் கைப்பேசியில் தேடி, கருத்தை உரத்து வாசித்தார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வீடு வந்ததும் அவர் நேரே போய்ப் படுத்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வெட்கத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவாரோ? காலையில் அவர் கொண்டுவந்து தருகிற தேத்தண்ணி இல்லாமல் எனக்கு விடியாது. அதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதுமில்லை.

விடிந்தபோது தேத்தண்ணி வரவில்லை. மனம் சோர்ந்து எழுந்து வந்தேன். முன்விறாந்தையில், ரோட்டால் போகிறவர்களெல்லாம் பார்க்க, திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, உள்ளுக்கு வாங்கோ, சனம் பாக்குது" என்றேன்.

"அதுதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. இஞ்சை நல்ல காத்து" என்றார் தலை நிமிராமல். "உம்மடை தேத்தண்ணி மேசையிலை கிடக்கு. ஆறமுந்திக் குடியும்."