வடக்கே எடுத்த லைசென்ஸ்

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபோது, டிரங்குப் பெட்டிக்குள் கம்பளிக்கு அடியில் ஒரு பிஸ்டலும் வந்தது. அதைப் பற்றிப் போனில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசியாக வேலை பார்த்த வடமாநிலத்திலேயே லைசென்ஸ் எடுத்துவிட்டாராம். இந்தியா முழுக்கச் செல்லுமாம். “எதுக்குங்க இது?” என்று கேட்டேன். “ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்றார். யாரிடமிருந்து பாதுகாப்பு? கீரனூர்ப் பக்கம் எங்கள் தெருவில் மிஞ்சி மிஞ்சிப் போனால் ஆடு வந்து செடியைக் கடிக்கும். அதற்குப் பிஸ்டலா?

சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, உள்ளே இடுப்பில் அதைச் செருகிக்கொண்டுதான் எங்கும் போவார். கறிக்கடைக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் அப்படித்தான். அவர் அங்கே முழந்தாளிட்டால் பெண்கள் பக்கத்தில் இருக்கும் எனக்கு ஜெபம் மறந்துபோகும். சட்டை தூக்கிக்கொள்ளுமோ, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கண் அவர் முதுகிலேயே இருக்கும்.

அதைவிட மோசம் அவர் புத்தி போன போக்கு. முன்பு இப்படிப்பட்ட மனுஷன் இல்லை. இப்போது தெருவில் ஒரு பைக் மெதுவாகப் போனாலும் சந்தேகம். எதிர்வீட்டில் கேமரா வைத்தார்கள். “நம்ம வாசலத்தான் பாக்குது” என்றார். ஒரு மத்தியானம் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிட்டார். இவர் கை சட்டைக்குள் போனது. நான் பார்த்தேன். வந்தவரைக் கும்பிடாத குறையாகப் பேசி அனுப்பிவைத்தேன். “யாருன்னு தெரியாம எப்படி விடுறது?” என்று என்னிடமே கத்தினார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆனால் இடுப்பில் பிஸ்டல் வைத்திருக்கும் ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

பிறகு அந்த லைசென்ஸை நம் மாவட்டத்தில் பதிவு செய்யக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். விசாரணை முடியும்வரை பிஸ்டலை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பாடா, வீட்டில் என்ன நிம்மதி! ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். அதற்கப்புறம்தான் அது திரும்பி வந்துவிடுமே என்ற நினைப்பு வந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்து, மகளின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஸ்டேஷனுக்கு மொட்டைப் பெட்டிஷன் எழுதினேன். இவரிடம் துப்பாக்கி இருந்தால் யார் உயிராவது போய்விடும், அனுமதிக்கவே கூடாது என்று நாலே வரி. கீழே என் பேர் இல்லை, ஊர் இல்லை. கையெழுத்துத் தெரியக்கூடாதென்று எழுத்தையெல்லாம் நெட்டுக்குத்தாக எழுதினேன். பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கே போய்த் தபால் பெட்டியில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

சில நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து கொதித்துப்போய் வந்தார்.

“எவனோ பெட்டிஷன் போட்டிருக்கான். ஏட்டு காட்டுனாரு. எவனோ என்ன எவனோ, ஆளு யாருன்னே தெரிஞ்சுபோச்சு. மேல சிலுவை போட்டு எழுதியிருக்கான்.”

சின்ன வயதில் ஆவூர்க் கோயிலில் ஞானோபதேசம் படித்த நாளிலிருந்து, எந்தத் தாளை எடுத்தாலும் உச்சியில் ஒரு சின்னச் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். திருட்டுத்தனமாக எழுதிய தாளிலும் கை அது பாட்டுக்குப் போட்டிருக்கிறது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் வேதக்கார வீடு இரண்டே இரண்டு. ஒன்று எங்களுடையது, இன்னொன்று அவருடைய அண்ணனுடையது. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற மனுஷனுக்கு வீட்டுக்குள் இருப்பவள் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை.

“நான் நல்லாருந்தா எங்கண்ணனுக்குப் பொறுக்காது. இன்னையோட அவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. அவன் வாசல்ல வச்சே கேக்குறேன்” என்று பைக்கில் ஏறினார். தாய் தகப்பன் போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியதே அந்த அண்ணன்தான். நான் ஓடிப்போய் பைக்குக்கு முன்னால் நின்றேன்.

“அவரு இல்லைங்க. நான்தான் எழுதுனேன்.”

“அவனக் காப்பாத்துறியா? இல்ல, ரெண்டு பேரும் சேந்து செஞ்சீங்களா?”

அதிலும் சந்தேகம்! எனக்கு வந்ததே கோபம். பெட்டிஷனில் இருந்த நாலு வரியையும் அப்படியே ஒப்பித்தேன். “போதுமா? அன்னைக்கு ரீடிங்காரரப் பார்த்ததும் ஒங்க கை எங்கிட்டுப் போச்சு? நீங்க பார்டர்ல இருந்தப்பல்லாம் ஒங்களுக்காகப் பயந்தேன். இப்ப ஒங்களப் பார்த்துல்ல பயந்து சாகுறேன்!”

அவர் இறங்கினார். பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

“மொட்டைப் பெட்டிஷன மதிக்க மாட்டாங்களாம். அடுத்த வாரம் வந்து பிஸ்டல வாங்கிக்கங்கன்னு ஏட்டு சொல்லிட்டாரு.”

பட்ட பாடெல்லாம் வீண்தானா?

“பேரு போட்டு எழுது” என்றார்.

ஆழம் பார்க்கிறாரோ என்று தோன்றியது. இருந்தாலும் எழுதினேன். என் பெயர், இன்னாரின் மனைவி என்று அவர் பெயர், விலாசம், எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே படித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். ‘என் கணவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்த இடம்.

“இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துறலாமா?”

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“முடியாதுங்க” என்றேன்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். ஸ்டேஷனில் கொடுப்பாரோ மாட்டாரோ, யார் கண்டது? நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.