நான்கு எட்டு தள்ளி

பயம் மனிதனுக்கு எதையாவது தெரிவிக்கிறதா, இல்லை தெரிந்ததையும் மறைத்துவிடுகிறதா? கனகராஜைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். மைத்துனர் சுரேன் மட்டும் கேட்டதில்லை. அவரிடம் விடை முன்பே இருந்தது. "மச்சான் பொறக்கும்போதே பயந்துகிட்டுதான் பொறந்தாரு லா," என்பார்.

பயப்படுகிறவர் பார்க்கிற வேலை அல்ல அது. ஒரு பாலமோ மாடிக் கட்டடமோ வருவதற்கு முன்னால் மண்ணுக்குள் துளை போட்டுக் கீழே என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது. ஈப்போ வட்டாரத்தில் அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. வெளியே குன்றுகளாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைதான் மண்ணுக்குள்ளும் ஒளிந்து கிடக்கிறது. ஓரிடத்தில் மூன்று மீட்டரில் தட்டும். பக்கத்திலேயே முப்பது மீட்டர் போனாலும் தட்டாது. நடுவில் தண்ணீர் அரித்த பொந்துகள். துளைக்குள் பீய்ச்சுகிற தண்ணீர் கலங்கலாக மேலே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கீழே பொந்து இருக்கிறது. இரும்பு ராட் கையை விட்டு நழுவித் தானாக இறங்கினால் பெரிய பொந்து. இருபத்திரண்டு வருட வேலையில் ராட் அப்படி நழுவியதைக் கனகராஜ் ஆறு முறை பார்த்திருக்கிறார். ஆறும் தேதியோடு நினைவில் இருந்தன.

குனோங் ராபாட்டில், குன்றின் அடிவாரத்துத் தொடர் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். பெருமழை பெய்த மறுநாள் காலையில் பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையைக் குதிகாலால் மூலைக்கு மூலை தட்டிப் பார்ப்பார். அதன் பிறகுதான் மனைவி துளசி துணி காயப்போட இறங்கலாம். ஈரத்துணி வாளியோடு துளசி வாசற்படியில் காத்து நிற்பார். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருடம் ஆன பிறகு சும்மா நின்றார்.

பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே போகும் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் புதிய நகர் வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். வழக்கமாக வீட்டைக் கட்டி ஆளைக் குடியேற்றிவிட்டுப் பத்து வருடம் கழித்துச் சாலையைப் பற்றி யோசிப்பார்கள். இம்முறை தலைகீழ். முதலில் நெடுஞ்சாலையிலிருந்து நேராக நகருக்குள் இறங்கும் மேம்பாலம். அது இறங்கும் இடத்தில் பேருந்து நிலையம், தண்ணீர்க் குழாய், மின்சாரம். அதைப் பார்த்துவிட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் வீடுகள் வரும் என்பது கணக்கு. மேம்பாலத்துக்குப் பதினான்கு தூண்கள். தூணுக்கு ஒரு துளை. பதினான்கும் கனகராஜுக்கும் அவரிடம் வேலை பார்த்த சுரேனுக்கும் வந்து சேர்ந்தன.

திட்டத்தை அதிகாரிகளைவிட உறுதியாக நம்பியவர் லியாகத் அலி. தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வரப்போகும் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடைக்கு முன்பணமும் கட்டிவிட்டார்.

"இருவது வருஷமா லாரிக்காரனுக்கே டீ ஆத்திக்கிட்டு இருக்கேன், அண்ணே. இனிமே பஸ்ஸுல வந்து எறங்குற சனத்துக்கு ஆத்தணும். நீங்க சீக்கிரம் தோண்டுனாத்தான் எனக்கு வயசாகுறதுக்குள்ள பாலம் வரும்."

கனகராஜ் சிரிக்க மாட்டார். டீக்கிளாஸை வைப்பதற்கு முன் மேசை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏழாவது துளையில்தான் அது நடந்தது. நில அளவைக்காரர்கள் சிவப்புச் சாயம் பூசிய முளையை அடித்துவிட்டுப் போயிருந்த இடம், முனியாண்டி சாமியின் கல்லுக்கு ஒரு சாண் பக்கத்தில். தோட்டத்து மரங்களையெல்லாம் வெட்டி வருடங்கள் ஆகியிருந்தன. சாமிக்கு நிழல் தந்த அந்த ஒரு மரத்தின் மேல் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அடியில் மூன்று கற்கள், ஒரு சூலம், காய்ந்துபோன எலுமிச்சம்பழங்கள். முறைப்படி பூசை செய்து சாமியை வேறு மனைக்கு எடுத்துப் போகக் கோயில் கமிட்டி நாள் குறித்திருந்தது. அதுவரை அங்கே இரும்பு இறங்கக் கூடாது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

சுரேன் பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் வாயிலிருந்து கேலி எதுவும் வரவில்லை. கனகராஜ் முளையிலிருந்து நான்கு எட்டு தள்ளி நடந்து நின்றார். துளை போடும் ரிக்கை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதை யாரும் முடிவு செய்யவில்லை என்பதுதான் சரி. ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், முளை அடித்த இடத்திலேயே போடு என்று ஆபீஸ் சொல்லும், அதனால் கேட்கவில்லை.

ஒன்பது மீட்டரில் பாறை தட்டியது. கீறல் இல்லாத, வெளிறிய சாம்பல் நிறப் பாறை. பதினான்கில் அதுதான் நல்ல பாறை. கனகராஜ் தாளில் முளை இருந்த இடத்தின் எண்களையே எழுதினார். போட்ட துளையைத் திரும்ப அளக்க வருகிறவர்கள் அந்த வாரம் மழையால் வரவில்லை. பிறகு வந்தபோது துளையை மூடியாகிவிட்டது. தாளில் இருந்ததே நின்றது. அடுத்த மாதம் சாமியைத் தூக்கி வைத்தார்கள், மரத்தை வெட்டினார்கள், இடத்தைச் சமன் செய்தார்கள். கனகராஜ் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. எதற்கெல்லாமோ பயந்தவர் இதற்கு மட்டும் பயப்படவில்லை. சாமியை மதித்து நடந்ததில் பயப்பட என்ன இருக்கிறது?

பயம் வந்தது முதலீட்டாளர்கள் வந்த நாளன்று.

கூடாரம் போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய நகரம் இருந்தது. மேம்பாலத்தில் விரல் நீளத்துக்குப் பேருந்துகள். ஒரு மேசை மேல், துளைகளிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். சலவை செய்த மேலங்கியோடு கனகராஜ் மேசைக்குப் பின்னால் நின்றார். வந்தவர்களில் வயதான ஒருவர் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பாறைகளிடம் வந்தார். நிலம் எப்படி என்று கேட்டார். மண் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய இஞ்சினியர் தினேஸ்வரி, ஏழாம் பெட்டி மேல் கையை வைத்தாள். எங்கள் உயரமான தூண் இதன் மேல்தான் நிற்கப்போகிறது என்றாள். பெரியவர் அந்தக் கல்லை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

கனகராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தூண் இந்தக் கல்லின் மேல் நிற்கப்போவதில்லை. எதன் மேல் நிற்கப்போகிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து ஈப்போவில் பேருந்து ஓடுவதையே அவரால் பார்க்க முடியவில்லை. சிவப்பு விளக்கில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினால், பக்கத்தில் நிற்கும் பேருந்தின் ஜன்னல்களில் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்று. நாற்பத்து நான்கு. பாலத்துக்கு அடியில் போகும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போனார். சோறு இறங்கவில்லை. மழையே பெய்யாத நாட்களிலும் பின்பக்கத்துத் தரையைத் தட்டினார்.

துளசி வாளியைக் கீழே வைத்துவிட்டு என்ன என்று கேட்டார். கனகராஜ் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"சொன்னா வேல போயிரும்ல?"

"போயிரும்."

"சுரேனுக்கும்?"

அவர் குதிகாலால் அடுத்த மூலையைத் தட்டினார். துளசி வாளியை எடுத்துக்கொண்டு, அவர் தட்டி முடிப்பதற்கு முன்பே துணி காயப்போட இறங்கிப் போனார்.

இடையில் ஒருமுறை தினேஸ்வரியிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தார். வேறு ஏதோ கம்பெனியில் நடந்ததாகக் கேள்விப்பட்டது போல. அவள் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஒரு தொள பொய்யுனா மத்த பதிமூணையும் யாரு நம்புவா, அண்ணே? எல்லாத்தையும் மறுபடி போடணும். அதுவரைக்கும் முதல் போடுறவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களா? வேற எடம் பாத்துப் போயிருவாங்க."

இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. சொன்னால் இரண்டு வீட்டு அடுப்பு, லியாகத் அலியின் கடை, ஒரு நகரமே. சொல்லாவிட்டால் என்றோ ஒரு நாள் நாற்பத்து நான்கு தலைகள். இது மனசாட்சியின் வேலை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்போது அவருக்குள் இருந்தது பயம் மட்டும்தான். பயந்தவன் எது சரி என்று யோசிப்பதில்லை. எந்தப் பக்கம் ஓடலாம் என்றுதான் பார்க்கிறான்.

ஓட ஒரு பக்கம் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிக்குத் துளை போடுவதற்காக ரிக் மறுபடியும் அதே தோட்டத்துக்கு வந்தது. சனிக்கிழமை அரை நாள் வேலை. மேற்பார்வையாளர் போன பிறகு இரண்டு பேரும் ரிக்கை ஏழாம் தூணின் இடத்துக்கு இழுத்துப் போனார்கள்.

"சாமிதான் போயிட்டாரே, இப்ப நீங்க ஏன் மச்சான் வெறுங்காலோட நிக்கிறீங்க?" என்றார் சுரேன். ஆனால் அவரும் பூட்ஸைக் கழற்றித்தான் வைத்திருந்தார்.

மூன்று மீட்டர், சிவப்பு மண். ஐந்து மீட்டர், மணல். கனகராஜின் இரண்டு கைகளும் ராட்டை விட்டு நகரவில்லை. கண் தண்ணீரிலேயே இருந்தது. கலங்கலாக வந்துகொண்டிருந்தது. ஏழு மீட்டர்.

எட்டாவது மீட்டரில் தண்ணீர் நின்றது.

துளையின் வாயில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கனகராஜ் ராட்டை இறுகப் பிடித்தார். அது நழுவப்போகிறது, இது ஏழாவது முறை, தேதி என்ன என்று மனம் தேடியது. கீழே இருட்டில் ஒரு வீடு அளவுக்குப் பொந்து வாயைத் திறந்துகொண்டு கிடப்பதை அவர் பார்த்தேவிட்டார். அதன் மேல் தூண். தூண் மேல் பேருந்து.

"மச்சான், கொழாய் கழண்டுருச்சு லா," என்று பம்பு இருந்த குட்டைப் பக்கத்திலிருந்து சுரேன் கத்தினார். பம்பு வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

குழாயைத் திரும்ப மாட்டினார்கள். தண்ணீர் திரும்பி வந்தது. எட்டு மீட்டர் அறுபதில் பாறை தட்டியது. நம்பாமல் மேலும் மேலும் இறக்கினார். பதினைந்து மீட்டர் வரை பாறைதான். எடுத்த துண்டுகளை மண்ணில் வரிசையாக வைத்தார்கள். அதே வெளிறிய சாம்பல் நிறம், ஒரு கீறல் இல்லை. நான்கு எட்டு தள்ளிப் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

சுரேன் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். "எங்க மச்சான் ஒங்க பொந்து? மூணு மாசமா என் அக்காவ சோறு திங்க விடாம பண்ணுன பொந்து எங்க?"

ஆக, பயத்துக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அது வெறும் சத்தம். துளையை மூடினார்கள், துண்டுகளைக் குட்டையில் போட்டார்கள், ரிக்கைப் பழைய இடத்துக்கு இழுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கனகராஜ் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். இரவு மழை பெய்திருந்தும் பின்பக்கத்துத் தரையைத் தட்டவில்லை. துளசி வாளியோடு வாசற்படியில் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தானாக இறங்கினார்.

அதற்கு மறுநாள் அவர் செய்த காரியத்தின் விளைவுகள் எல்லாருக்கும் தெரியும். பதினான்கு துளைகளையும் வேறு ஆட்கள் வந்து புதிதாகப் போட்டார்கள். பதினான்கிலும் பாறை கிட்டத்தட்ட முன்பு எழுதியபடியே இருந்தது. ஆனால் அதற்குள் ஏழு மாதம் போயிற்று, கல்லைத் தடவிய பெரியவர் தம் தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டு போனார். கனகராஜுக்கும் சுரேனுக்கும் வேலை போனது. மைத்துனர்கள் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. லியாகத் அலி இன்னும் லாரிக்காரர்களுக்குத்தான் டீ ஆற்றுகிறார். கனகராஜ் இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு இரும்புக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறார். பாறை இருப்பது தெரிந்தும் எதற்காகப் போய்ச் சொன்னீர்கள் என்று துளசி கேட்டிருக்கிறார், சுரேன் கேட்டிருக்கிறார், லியாகத் அலி கோபத்தோடும் பிறகு கோபமில்லாமலும் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் பதில் கிடைத்ததில்லை. உண்மை பேசுகிறவர் என்று அவரைப் புகழ்வதும் சரியாக இருக்காது. மூன்று மாதம், பேச வேண்டிய நேரத்தில் எல்லாம், அவர் பேசாமல்தான் இருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, வேலைக்கு என்று கிளம்பியவர் வழியில் மோட்டார்சைக்கிளை ஈப்போவுக்குத் திருப்பினார். தினேஸ்வரியின் மேசையில் அறிக்கை கட்டித் தயாராக இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. கனகராஜ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏழாவது தொளைய முளை இருந்த எடத்துல நான் போடல, மிஸ். நாலு எட்டு தள்ளிப் போட்டேன்."

அவள் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தாள். "அந்த எடத்துல கீழ என்ன இருக்கு, அண்ணே?"

"பாறதான். சனிக்கெழம போட்டுப் பாத்துட்டேன். நல்ல பாற."

தினேஸ்வரி அறிக்கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கிட்டத்தட்டக் கெஞ்சுவது போல, "அப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

கனகராஜ் அவள் பேனாவை மூடும் வரை அங்கேயே நின்றார்.