நாக்குக்குக் கீழே ஒன்றுமில்லை

பத்மாசினியக்கா வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, இடமும் வலமும் அசைத்துக் காட்டுகிறார்.

"பாத்தியளே மிஸ், ஒண்டுமில்லை. உள்ளுக்கை குடியிருக்கிறது ரெண்டு சொத்தைப்பல்லுத்தான்."

குளிசை உள்ளே போனதை நேரில் பார்த்து உறுதிசெய்ய மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் துஷாந்தினி சிரித்தபடி தலையாட்டுகிறார். புத்தூர் வீதியோர வெங்காயத் தோட்டத்தில், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க, வரம்பில் குந்தியிருந்துதான் அக்கா மருந்துக் குளிசை விழுங்குவார். அது ஒரு கை நிறைய இருக்கும். விழுங்குமுன் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏச்சு. "வா மோனை, நேற்று என்னைச் சத்தியெடுக்க வைச்சனி நீதானே?"

அதிலொன்று தோலைக் கறுக்கவைக்கும். அக்காவின் முகம் இப்போது காய்ந்த புகையிலை நிறம். கூட இருந்து வெங்காயம் பிடி கட்டுகிற பெண்கள் குசுகுசுத்தால், "கறுத்துப்போனாள் எண்டு சொல்லுங்கோடி. செத்துப்போனாள் எண்டு சொல்லாதையுங்கோ" என்பார். அவருடைய கரகரத்த குரலை, அதே தோட்டத்தில் வேலை செய்யும் நான் செய்து காட்டினால் அவரே வந்து திருத்துவார்: "திமிர் காணாதடா, இன்னும் போடு."

முதல்முறை காசநோய் வந்தபோது சாதாரணக் குளிசைதான். ஊர் அறியக்கூடாதென்று, தண்ணீர் இறைக்கும் மோட்டர் கொட்டிலுக்குள் ஒளிந்து நின்று விழுங்கினார். குமட்டியது. இருமலும் நின்றுவிட்டது. பார்க்க ஆளில்லை. மிச்சக் குளிசையெல்லாம் வாய்க்காலோர மண்ணுக்குள் போயின. நோய் திரும்பி வந்தபோது, பழைய குளிசைக்கு அடங்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் புதுக் குளிசையையும் இடையில் விட்டாள். அவளுடைய செத்தவீட்டுக்குப் போய்வந்த அடுத்த நாள்தான் அக்கா கொட்டிலை விட்டு வரம்புக்கு வந்தார்.

நேற்றுக் காலை தோட்டத்துச் சொந்தக்காரர் முத்துக்குமாரு ஓடிவந்தார்.

"பிள்ளை, லொறி வருகுது. யாவாரி கண்டால் வெங்காயம் வேண்டாமெண்டு போயிடுவான். கொட்டிலுக்கை போய்க் குடியன்."

"கொட்டிலுக்கை குடிச்சுத்தான் அண்ணை இந்தக் கோலம்."

"அப்ப நாளைக்கு வேலைக்கும் வரவேண்டாம்."

"நான் வருவன். சளியிலை கிருமி இல்லை, வேலை செய்யலாம் எண்டு டொக்டர் சொன்னவர். உங்கடை யாவாரிக்கும் சொல்லுறன்."

லொறி வந்து நின்றது. வியாபாரி இறங்கி ஒரு பிடி வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்தான். பிறகு அக்காவின் உள்ளங்கையைப் பார்த்தான்.

"உதென்னக்கா, உவ்வளவு குளிசை?"

"காசம். லேசிலை அடங்காத காசம். இப்ப தொத்தாது, பயப்பிடாதை."

வெங்காயத்தோடு அவன் கை அந்தரத்தில் நின்றது. முத்துக்குமாரு தலையில் கை வைத்தார். துஷாந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அக்கா கடைசிக் குளிசையை விழுங்கினார். எழுந்து, சேலையில் மண்ணைத் தட்டினார். துஷாந்தினியைக் கடந்து நேரே வியாபாரிக்கு முன்னால் போய் நின்று, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கினார்.