நான்கு பென்சில் குறிகள்

சுவரில் துளை போடுவது அவர் தொழில். திரைச்சீலைக் கம்பியோ, கண்ணாடியோ, அலமாரிப் பலகையோ, எதை மாட்டுவதானாலும் டிரில்லிங் மெஷினோடு வந்து நிற்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஓட்டைக்காரர்'. அதில் அவருக்கு வருத்தமில்லை.

இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்டுகொண்டது ஒன்று. பென்சில் குறியாக இருக்கும்வரை வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி கிடையாது. இன்னும் கொஞ்சம் இடது, இல்லை வலது, எதற்கும் மாமியாரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று உயிரை வாங்குவார்கள். துளை விழுந்து தூசி அடங்கியதும் அதே ஆட்கள் இடுப்பில் கைவைத்து, "நான் அப்பவே சொன்னேன்ல, இதுதான் சரியான இடம்" என்பார்கள். அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

ஆனால் அவர் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு மாதமாக நான்கு பென்சில் குறிகள் இருந்தன. கணவனை விட்டு வந்த மகளின் புத்தகங்கள், கீழே மூன்று அட்டைப்பெட்டிகளில். குறி வைத்த இடத்தில் புத்தகப் பலகை ஏறிவிட்டால் அவள் இனி இங்கேதான் என்று அர்த்தம். "திருப்பி அனுப்பு, போகப்போகச் சரியாயிடும்" என்று அவருடைய அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார். மகள் வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியை மறுபடி டேப் ஒட்டி மூடிவிடுவாள்.

"ஊர்ச் சுவரையெல்லாம் சல்லடையாக்குற மனுஷன், சொந்த வீட்ல பென்சிலோட நிக்கிறாரு" என்றாள் மனைவி.

"சுவர் எங்கயும் ஓடிடாது."

"சுவர் ஓடாது. பொண்ணுதான் எந்நேரமும் கெளம்பத் தயாரா உக்காந்திருக்கா."

அந்த வாரம் ஒரு டீச்சரம்மா வீட்டில் கண்ணாடி மாட்டும்போது கை பிசகியது. துளை இரண்டு விரற்கடை தள்ளி விழுந்தது. அவர் வாய் திறப்பதற்குள் டீச்சரம்மா முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா? ஜன்னல் வெளிச்சம் முகத்துல விழணும்னுதான் இங்க போடச் சொன்னேன்."

"இல்லம்மா, நீங்க சொன்னது அங்க. தப்பு என்னோடது."

"அது சும்மா போட்ட குறிங்க!" என்று விரலில் எச்சில் தொட்டு அழித்தே விட்டார்.

திரும்பும் வழியில் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மா பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. சரியான இடம் என்று ஒன்று சுவரில் முன்பே இருந்ததா, துளை விழுந்த பிறகு வந்ததா? விடை தெரியவில்லை. தெரியட்டும் என்று காத்திருந்தால் பெட்டிகள் மூடியபடியே கிடக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் மெஷினைச் சொருகினார். முதல் துளைக்குக் குறியை இரண்டு முறை அளந்தார். நான்காவதற்கு அளக்கவேயில்லை. சத்தம் கேட்டு மகள் வந்து நின்றாள்.

"என்னப்பா இது?"

"பெட்டியப் பிரி."

அன்றைக்கும் அண்ணன் கூப்பிட்டார். "அவ இங்கதாண்ணே இருப்பா. மொத நாளே முடிவு பண்ணிட்டேன்" என்றார் இவர். சொல்லி முடித்ததும் அது உண்மை என்றே அவருக்குப் பட்டது.

"மொத நாளேவா!" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

பலகை ஏறியதும் மகள் புத்தகங்களை அடுக்கினாள். பலகைமேல் கிடந்த பென்சில் மெல்ல உருண்டு கீழே விழுந்தது.

"அப்பா, பலகை சாஞ்சிருக்கு."

சாய்வு பார்க்கும் ரசமட்டம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"பலகை சரியாத்தான் இருக்கு. வீடுதான் சாஞ்சிருக்கு."