பதினோரு பட்டை

ஜீப் வாங்கப்போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

கம்பத்திலிருந்து கூடலூர்ப் பள்ளிக்குத் தினமும் போய் வருகிற டீச்சர் நான். கண்ணாடி ஏற்றிய கார் எனக்கு ஆகாது. குமுளி மலையில் இரண்டாவது வளைவிலேயே குடலைப் புரட்டும். அதனால்தான் மேல்துணியைச் சுருட்டி மடக்குகிற பழைய ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய வண்டி. பதினைந்து, இருபது பேரைச் சுமந்து மலையேறுவதற்காக அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருந்தார்கள். ஒற்றை ஆள் ஓட்டினால் அந்தப் பட்டைகள் அசையவே அசையாது, ரோட்டில் கிடக்கிற கல்லெல்லாம் நேரே முதுகெலும்புக்கு வரும். எனக்கோ ஏற்கெனவே டிஸ்க் கோளாறு. குலுக்காத வண்டியாக இருந்தால் ஓட்டலாம் என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

அதனால் ஸ்பிரிங்கை மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணப் புடவைகூட அவ்வளவு பார்த்து எடுத்ததில்லை. தெரிந்தவர்களின் ஜீப்புகளை இரவல் வாங்கி, ஒரே வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் இளக்கமாக இருந்து ஷாக் அப்சார்பரும் தளர்ந்திருந்தால், வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போகும். ஷாக் ரொம்ப விறைப்பாக இருந்தால், எத்தனை நல்ல ஸ்பிரிங் போட்டும் புண்ணியமில்லை. கடைசியில் ஆறு பட்டை ஸ்பிரிங்கும் அதற்குத் தோதான ஷாக்கும் மதுரையிலிருந்து வரவழைத்தேன். உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கே, பட்டறைக்கு நான் கொண்டுபோகிறேன் என்றார் கணவர். சாமானைச் சாக்கில் கட்டி அவரிடம் கொடுத்தேன்.

வண்டி அடியெல்லாம் புதுக் கறுப்புப் பெயிண்டோடு திரும்பி வந்தது. ஓட்டிப் பார்த்தால் பழைய குலுக்கல் அப்படியே இருந்தது. புது ஸ்பிரிங் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்றார். மூன்று மாதமாகியும் அது பழகவில்லை. வலி இடுப்பிலிருந்து நடு முதுகுக்கு ஏறியது. சாயங்காலமானால் அவரே தைலம் தேய்த்துவிடுவார். இப்படி ஒரு மனுஷன் யாருக்கு வாய்க்கும் என்று பள்ளியில் பீற்றிக்கொண்டேன். வண்டியை விற்றுவிடலாமா என்று ஒருநாள் நானே கேட்டேன். உன் இஷ்டம் என்றார், அத்தனை சாந்தமாக.

ஜெயமங்கலத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் சைலன்சர் கழன்றுகொண்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் போனவர் தலையை மட்டும் நீட்டினார்.

"அக்கா, தோட்டத்துக்கு ஆள் ஏத்துறீகளா? பதினோரு பட்டை கெடக்கு. கறுப்படிச்சிருக்காகளே தவிர அம்புட்டும் பழசு."

பட்டுப்புடவையோடு தரையில் குனிந்து நானே எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். அத்தனை பார்த்துத் தேர்ந்தெடுத்தவள், மாட்டிய பிறகு ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

ஸ்பிரிங் மாட்டிய கம்பத்துப் பட்டறைக்காரரைத்தான் முதலில் திருடன் என்று நினைத்தேன். நேரே அவரிடம்தான் போனேன். பாவம், அவர் முழித்தார்.

"சார்தான் சொன்னாக, டீச்சர். பழசுக்கே கறுப்படிச்சு மாட்டச் சொல்லிட்டு, சாக்கைத் திருப்பிக் கொண்டு போயிட்டாக. வீட்ல பேசிக்கிட்டீகன்னு நெனச்சேன்."

என் பெயரில் உள்ள வண்டி, நான் தேடி எடுத்த சாமான். ஆனாலும் சார் சொன்னால் போதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் வழக்கம் அதுதான்.

சாக்கு எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் இருந்தது. நான் கட்டிக் கொடுத்த முடிச்சு அவிழவில்லை. அதைப் பட்டறையில் இறக்கி, நானே பக்கத்தில் நின்று ஆறு பட்டையையும் எண்ணி மாட்டவைத்தேன். திரும்பி வருகையில் வண்டி வேகத்தடைகளை அலுங்காமல் தாண்டியது. எனக்கு அழுகையாக வந்தது.

வீட்டில் கேட்டேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஜீப்பு வேணாம்னா நீ கேக்கவா போற? முதுகு வலிச்சா நீயா ஓட்டுறத விட்டுருவன்னு நெனச்சேன்."

வலிக்கட்டும் என்று விட்டவரும் அவர்தான், மூன்று மாதமும் தேய்த்துவிட்டவரும் அவர்தான். அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமும் தைலப் புட்டியோடு வந்து நின்றார். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். நானே தேய்த்துக்கொண்டேன். இடுப்பு எட்டியது. நடு முதுகு எட்டவில்லை.