விசிறிப்புழுக்களுக்குக் கடல் தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். மாணவிகளை மண்டபம் கடற்கரைக்கு அழைத்துப் போனபோது, விசிறிப்புழுக்கள் ஒட்டியிருந்த கல் ஒன்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்துவந்தேன். கல்லூரியில் விட்டால் விடுமுறையில் செத்துப்போகும் என்று என் அறை ஜன்னலோரத்தில் ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டேன்.

தோல் போன்ற குழாய்க்குள் புழு இருக்கும். சுற்றிலும் சந்தடி இல்லாவிட்டால் குழாயின் வாயில் பழுப்பும் வெள்ளையுமாக ஓர் இறகுக் கொத்து விரியும். என் நிழல் பட்டாலே சட்டென்று உள்ளே போய்விடும். அதனால் மாலையில் வந்ததும் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருப்பேன். பேச ஆள் இல்லாத வீட்டில் அது ஒன்றும் சிரமமாக இல்லை. கொஞ்சம் கடல் தண்ணீரை மொட்டைமாடி வெயிலில் வைத்து, நுண்பாசி வளர்ந்து பச்சை பிடித்ததும் அதைச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவேன்.

கடல் தண்ணீருக்கு எனக்கு வழி செய்தவர், பெங்களூர் ரயிலில் வரும் ஒரு ரயில்வே கார்டு. மண்டபத்திலிருந்து திரும்பும்போது, மதராஸில் ஜாடியைத் தூக்க முடியாமல் நான் தவித்ததைப் பார்த்து விசாரித்தார். "இந்தத் தண்ணி கெட்டுப்போச்சுன்னா என்னா பண்ணுவீங்க டீச்சரம்மா?" என்று கேட்டார். தன் வீடு காசிமேட்டில்தான், வேண்டுமானால் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை, காலையில் சிட்டி ஸ்டேஷனுக்குப் போவேன். பிரம்புக் கூடையில் வைத்த பெரிய ஜாடியை இறக்கிக் கொடுத்து, காலி ஜாடியை வாங்கிக்கொள்வார். புழுக்கள் சௌக்கியமா என்று கேட்பார். நானும் விவரமாகச் சொல்வேன். சில நிமிஷப் பேச்சுதான். ஆனால் அந்த நாளுக்கு எந்தப் புடவை என்று முதல் நாளே எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தேன்.

ஒரு மாதம் வேறொரு கார்டு இறங்கினார். பழையவருக்கு மாற்றலாகிவிட்டது, எந்த ஊர் என்று தெரியாது என்றார். தண்ணீர் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காலி ஜாடியோடு திரும்பினேன்.

தொட்டித் தண்ணீர் மஞ்சளித்தது. ஒரு புழு குழாயை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. இன்னொன்று இறகுக் கொத்தையே உதிர்த்துவிட்டது. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு ஜாடியோடு மதராஸுக்கு ரயில் ஏறினேன்.

காசிமேட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவரிடம், நல்ல தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று கேட்டேன். அவர் ஜாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புழு வளக்குற பெங்களூரு டீச்சரு நீங்கதானா? கார்டு சார் எங்க படகுலதான் வருவாரு. கரைத் தண்ணி கலங்கலா இருக்கும், ஆவாதும்பாரு. அவருக்கு அலை ஒத்துக்காது. வாந்தி எடுத்துக்கினே மொண்டுக்கினு வருவாரு."

இதைக் கார்டு என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"இப்ப எங்க இருக்காரு?"

"போத்தனூருக்கு மாத்திட்டாங்க. பொஞ்சாதி, புள்ளைங்க எல்லாரையும் கூட்டிக்கினு போயிட்டாரு."

சரி என்று தலையாட்டினேன். என்னைப் படகில் ஏற்ற மீனவர் சம்மதிக்கவில்லை. தானே போய் நிரப்பி வந்தார். காசும் வாங்கவில்லை. திரும்பி வரும்போது, ஜாடி ஆடாமல் இருக்க வழியெல்லாம் இரண்டு கால்களாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். ஜோலார்பேட்டை தாண்டிய பிறகு அழுகை வந்தது. எதிரே இருந்த அம்மாள் கண்ணில் கரி விழுந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

புதுத் தண்ணீர் மாற்றிச் சில வாரங்கள் கழித்து, இறகு உதிர்த்த புழுவின் குழாயிலிருந்து வெளுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் விரிந்தது. பழையதில் பாதிகூட இல்லை, ஆனால் ஓர் இறகும் குறையாத முழு வட்டம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கீழே இறங்கிப் போனேன். வீட்டுக்காரம்மா மைசூருக்குப் போயிருந்தார், கதவு பூட்டியிருந்தது.